தலைத்துணிக்குள் ஒரு பக்கம்

மரியே வாழ்க

புசல்லாவை,
செப்டெம்பர் 14

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

தங்கச்சி நிலூஷா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். அம்மாவுக்கு மட்டும் மழை தொடங்கியதிலிருந்து இருமல். ஆனாலும் ஒருநாள்கூடத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நிற்கவில்லை. கோத்தகிரியில் நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். கத்தரீனா பெரியம்மாவின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா?

எங்கள் வீட்டில் ஒரு போன்தான். காலையில் அது அப்பாவோடு பஸ் ஏறிக் கண்டியில் அவர் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்குப் போய்விடும். இரவில் திரும்பி வந்தால் அதில் நான் பேசுவதைச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் அத்தனையும், முழு லயமும், கேட்கும். ஆகவே கடிதம். சிரிக்காதீர்கள். எனக்குப் பேச்சைவிட எழுத்துத்தான் சரியாக வரும்.

குடும்பக் குழுவில் பெரியப்பா போட்ட படத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் பெரியம்மா, ஒரு பக்கம் நீங்கள், நடுவில் நடிகர் ஆரூரன். அவர் உங்கள் பக்கம் சாய்ந்து சிரிக்கிறார். உங்களுக்கு அப்போது மூச்சு வந்ததா? பாடசாலையில் என் அக்கா என்று சொன்னேன். என் சிநேகிதி ஷஹ்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டுந்தான் ஒரே மாதிரி ஈக்குது" என்றாள். இரண்டு நாட்களாக வகுப்பில் எனக்குப் பெயரில்லை. "ஆரூரனோட நிக்கிற பிள்ளையின் தங்கச்சி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நம் இரண்டு பேரின் தாத்தாக்களும் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது, கப்பலேறிப் போனார். தம்பிக்கு வரவில்லை, இங்கேயே நின்றுவிட்டார். ஒரு கடதாசி மாறி வந்திருந்தால் அந்தப் படத்தில் நான் நின்றிருப்பேன். சும்மா நினைத்துப் பார்த்தேன்.

அம்மா அந்தப் படத்தைக் கம்பளையில் அச்சடித்துச் சட்டம் போட்டுவிட்டார். எங்கள் சுவரில் ஆணி நிற்கிற இடம் ஒன்றுதான் உண்டு. வேறு எங்கே அடித்தாலும் சுண்ணாம்பு கொட்டி ஆணி கழன்று விழும். அந்த ஒரே ஆணியில் தொங்கிய கோவில் கலண்டரைக் கழற்றிவிட்டு உங்களை மாட்டியிருக்கிறார். மாகாண மட்டக் கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் இன்னும் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்குச் சட்டசபைத் தேர்தலில் ஆரூரன் கட்சி இடம் கொடுக்கப்போகிறதாம் என்று அப்பா சொன்னார். உண்மையா?

என்றும் உங்கள் நினைவில்,
நிலூஷா

*

கோத்தகிரி,
அக்டோபர் 6

என் செல்லத் தங்கச்சி நிலூஷாவுக்கு,

அக்காவின் அன்பு முத்தங்கள். எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கட்சிக் கொடியைக் கையில் பிடித்தால் வலி தெரியவில்லையாம். சித்திக்கு இருமலுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடு.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இந்தப் பிள்ளை புஸ்தகம் மாதிரி பேசுதே" என்று சிரித்தார்.

மூச்சு வந்ததா என்று கேட்டாயே. வரவில்லை. அவர் வண்டியிலிருந்து இறங்கினதும் ரோடே காணாமல் போய்விட்டது, வெறும் தலைகள்தான். நாலு தடியர்கள் எங்களைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கையைத் தொட்டேன். பஞ்சு. நம் சனத்தில் யாருக்கும் அப்படிக் கை கிடையாது. என்ன படிக்கிறாய் என்றார். ப்ளஸ் டூ என்றேன். அதற்குள் அடுத்த ஆளைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

சீட் விஷயம் உண்மைதான். இந்த மலையில் அம்மாவுக்குத் தெரியாத வீடு இல்லை. இரண்டு முறை வார்டு மெம்பராக இருந்தவர். குழாய்த் தண்ணீர், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எதுவானாலும் "கத்தரீனாக்காகிட்ட கேளு" என்பார்கள். கட்சிக்குப் பெண்கள் அணியைக் கட்டினதும் அம்மாதான். சிலோன்காரர்கள் ஓட்டு மொத்தமும் அம்மாவுக்கு விழும் என்று மாவட்டச் செயலாளரே சொல்கிறார்.

நவம்பர் கடைசியில் ஆரூரன் சார் மறுபடியும் வருகிறார். அவருக்கு முன்னால் நான் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், தோட்டத்துத் தாய்மார்களைப் பற்றி. எனக்கு வாய் இருக்கிறது, வார்த்தை இல்லை. அம்மா கொழுந்து பறித்ததை நான் பார்த்ததுகூட இல்லை, நான் பிறப்பதற்கு முன்பே தையல் மெஷினுக்கு மாறிவிட்டார். நீ எழுதித் தருவாயா? நல்லா அழுகிற மாதிரி.

உன் அக்கா,
ஜெசிந்தா

பி.கு. சான்றிதழுக்கு வாழ்த்துகள். நீ சொல்லவே இல்லையே!

*

மரியே வாழ்க

புசல்லாவை,
ஒக்டோபர் 25

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

சுக்குக் காப்பி குடித்து அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. அப்பா சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (சான்றிதழைப் பற்றி நான்கு வருடங்களுக்கு முன் எழுதினேன். மறந்திருப்பீர்கள்.)

பேச்சை எழுதிவிட்டேன். தனித் தாளில் இருக்கிறது. அழ வைக்கும்படி எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதத்தான் தெரியும். முக்கியமான இடம் இதுதான்:

"என் அம்மா ஏழாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். நான் ஆறாம் ஆண்டுக்குப் போனபோது பாடசாலையில் எனக்குக் கிடைத்தவை மூத்த பிள்ளைகள் பாவித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள். அவற்றின் பக்கங்கள் கழன்று வரும். தினமும் காலையில் அம்மா ஒரு பக்கத்தை எடுத்து மடித்துத் தலைத்துணிக்குள் வைத்துக்கொண்டு கொழுந்துக்குப் போவார். அதன்மேல்தான் கூடைக் கயிறு. தேநீர் நேரத்தில் அதைப் பிரித்து வாசிப்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். மாலையில் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் என்னிடம் கேள்வி கேட்பார். ஒருநாள் இதயத்தின் படமுள்ள பக்கம். அன்று நல்ல மழை. சிவப்பும் நீலமும் கரைந்து ஒன்றாகிவிட்டன. 'இதயத்துக்கு நாலு அறையாமே. நமக்கு ஒரே அறை' என்று லயத்தைக் காட்டிச் சிரித்தார். பக்கத்தைக் காயவைத்துத் திரும்பவும் புத்தகத்தில் வைத்தார். வருட முடிவில் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் பச்சைக் கொழுந்தின் வாசம் அடித்தது."

அக்கா, இது என் அம்மா. 'நான்' என்று எழுதினால்தான் எனக்கு எழுத வருகிறது, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். நீங்கள் பேசும்போது 'என் சித்தி' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் சொன்னாலும் பரவாயில்லை. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. மேடையில் தன் பெயர் வருவதைத் திடீரென்று கேட்கட்டும் என்று இருக்கிறேன்.

பத்தாம் ஆண்டில் புதுப் புத்தகங்கள் தந்தார்கள். பக்கங்கள் கழலவில்லை. அதோடு அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று.

நன்றாகப் பேசுங்கள்.

நிலூஷா

*

மரியே வாழ்க

புசல்லாவை,
டிசெம்பர் 2

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

அனைவரும் நலமாக இருப்பீர்கள். காணொளியில் பெரியம்மா மெலிந்து தெரிந்தார், கவனமாக இருக்கச் சொல்லுங்கள். இங்கே ஒருவருக்கும் குறையில்லை.

எத்தனை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கண்டி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அண்ணன் ஒருவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பேராதனைப் பாலம் வரும்வரை இரண்டு முறை ஓடியது. என் வாக்கியங்கள் உங்கள் குரலில் மிக அழகாக இருந்தன. 'நாலு அறை' என்ற இடத்தில் நிறுத்தினீர்கள் பாருங்கள், அந்த நிறுத்தத்தை நான் எழுதவில்லை. அது உங்களுடையது.

ஆனால் 'என் அம்மா' என்று சொன்னீர்கள். கையையும் நீட்டிப் பெரியம்மாவைக் காட்டினீர்கள். அவர் எழுந்து கும்பிட்டார். ஆரூரன் கண்ணைத் துடைத்தார்.

நாங்கள் மூவரும் இரவில் சேர்ந்து பார்த்தோம். முடிந்த பிறகு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார். ரொட்டியைப் புரட்டிப் போட்டார். பிறகு, "கத்தரீனா அக்காவும் இப்படிச் செஞ்சாங்களா? தையல் வேலைன்னுல்ல சொன்னாங்க" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு அழகா பேசுறா! நீயும் இருக்கியே, எந்நேரமும் புஸ்தகத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு" என்றார்.

ஷஹ்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "ஒன்ட உம்மாவ ஆரோ களவெடுத்துட்டாங்க, நீ பூட்டும் போடல்ல" என்றாள். அவள் பகிடிக்கு, சும்மா சிரிக்கத்தான் சொன்னாள்.

ஏன் மாற்றவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

நிலூஷா

*

கோத்தகிரி,
டிசம்பர் 19

என் தங்கச்சி நிலூஷாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சித்தி, சித்தப்பா, நீ எல்லாரும் சந்தோஷமாக இருக்கணும். அம்மா ஒரு நாளில் மூன்று ஊர் போய் வருகிறார், சாப்பிட நேரமில்லை, அதுதான் மெலிவு.

கோபப்படாதே. 'என் சித்தி' என்று நான்கு நாள் பழகினேன். சத்தியமாக. மேடையில் ஏறினதும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. எதிரே அம்மா மட்டும்தான் தெரிந்தார். வாயில் அம்மா என்றே வந்துவிட்டது. வந்ததும் சனம் போட்ட சத்தம் இருக்கிறதே! அதற்குப் பிறகு திருத்தினால் அத்தனை பேர் முன்னால் அம்மா அசிங்கப்பட்டிருப்பார்.

இப்போது ஆரூரன் சார் போகிற ஊரிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். "மலையில் ஒரு தாய்" என்று தொடங்குவாராம். சீட் உறுதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். உன் எழுத்தால்தான் நிலூஷா. அம்மா ஜெயித்ததும் நானே மேடையில் சித்தியின் பெயரைச் சொல்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

உனக்கு ஒரு சுடிதார் எடுத்து அனுப்பியிருக்கிறேன், மயில் நிறம். ஜனவரியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இன்னொரு பேச்சு எழுதித் தருவாயா?

அன்புடன்,
ஜெசிந்தா

*

மரியே வாழ்க

புசல்லாவை,
ஜனவரி 11

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

புதுவருடம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும். நாங்கள் நலம். அம்மாவுக்குத் திரும்பவும் இருமல்.

சுடிதார் கிடைத்தது. நன்றி. தோளில் கொஞ்சம் பெரிது. அம்மா உடனே போடச் சொன்னார், போட்டேன். "ஜெசிந்தா மாதிரியே இருக்க" என்று பக்கத்து வீட்டு நிரோஷினி அக்கா சொன்னதும் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். அலுமாரியில் என் சான்றிதழுக்குத் துணையாக இருக்கிறது.

பேச்சு எழுத நேரமில்லை. பெப்ரவரியில் எனக்குப் பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை. தவிர, என்னிடம் இருந்தது ஒரு அம்மாதான்.

வகுப்பில் விவாதம் ஒன்று நடந்தது. நடிகர்கள் அரசியலுக்கு வருவதால் மக்களுக்கு நன்மையா, தீமையா? எனக்குச் சீட்டுக் குலுக்கலில் 'நன்மை' விழுந்தது. பெரிய இடத்துக் குரல் சின்ன இடத்துக் கதையை எடுத்துச் சொன்னால் உலகம் கேட்கும் என்று பேசினேன். எங்கள் பக்கம்தான் வென்றது. மேசையில் வந்து இருந்த பிறகு வெற்றி பெற்ற மாதிரியே இருக்கவில்லை.

ஜெயித்த பிறகு சொல்கிறேன் என்கிறீர்கள். சரி. காத்திருக்கிறேன்.

நிலூஷா

*

மரியே வாழ்க

புசல்லாவை,
மார்ச் 1

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. எல்லோரும் சுகமா? பெரிய இடத்துக்குப் போனவர்களுக்கு முத்திரை ஒட்ட நேரமிருக்காது என்று முதலில் நினைத்தேன். பரீட்சை முடிந்துவிட்டது. விஞ்ஞானத்தில் இதயம் வந்தது. படம் கீறிப் பெயரிட வேண்டும். எல்லாம் எழுதினேன்.

நேற்று இரவு ஆரூரன் கோயம்புத்தூரில் பேசியதை அப்பா போட்டார். உங்கள் தொகுதி வேட்பாளரை அறிமுகம் செய்தார். பெரியம்மாவைத் தேடினேன். மேடையில் வேறொருவர் நின்றார், மகேந்திரபூபதி என்று பெயர். நகைக்கடைகள், மலையில் விடுதிகள், ஒரு எஞ்சினியரிங் கல்லூரி எல்லாம் உள்ளவராம். ஆரூரன் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "மலையில் ஒரு தாய்" என்று தொடங்கினார்.

இப்போது அது மகேந்திரபூபதியின் அம்மா. இறந்து போனவராம். தலைத்துணிக்குள் திருக்குறள் பக்கமாம். மழையில் நனைந்தும் எழுத்து அழியவில்லையாம்.

நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா போனைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாருடி. அவங்கம்மாவும் கொழுந்துக்காரிதான். அவங்களும் தலைத்துணிக்குள்ள வச்சிருக்காங்க. என்னைய மலையில எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? 'றேணுகா பரீட்சைக்குப் போறா, வழி விடுங்க'ன்னு. கத்தரீனா அக்காவப் பத்திச் சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப ஆரூரனே சொல்லுறாரு. அப்ப இப்படித் தாய்மாரு நெறைய இருந்திருக்காங்க. நான் மட்டும் பைத்தியமில்ல."

"அது பொய்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் முகம் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்ததை நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா, உங்கள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. நீங்கள் அறிந்ததுதான். ஆனால் செத்துப்போன ஒரு பணக்கார அம்மாமேல், நான் கண்ணால் காணாத ஒருவர்மேல், இப்படி எரிச்சல் வரும் என்று நினைக்கவில்லை.

பெரியம்மாவுக்கு என்ன நடந்தது? குடும்பக் குழுவில் யாரும் பேசுவதில்லை.

நிலூஷா

*

கோத்தகிரி,
மார்ச் 13

நிலூஷா,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

ஜனவரி கடைசியில் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். "அக்கா, உங்க உழைப்பு எங்களுக்குத் தெரியாதா? ஆனா எலெக்ஷன் உழைப்புல மட்டும் நடக்குறதில்ல. பூபதி சாருக்கு ஹெலிகாப்டரே இருக்கு" என்றார். அம்மா, "கதை?" என்று மட்டும் கேட்டார். "அது இப்ப கட்சியோட கதைக்கா" என்றார். டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அம்மா அன்றிலிருந்து தையல் மெஷினைவிட்டு எழுந்திருப்பதில்லை. கொடிகளைப் பிரித்துத் தலையணை உறை தைக்கிறார்.

உனக்கு எழுத எனக்கு முகமில்லை. அந்தக் கூட்டத்தை நானும் டி.வி.யில் பார்த்தேன். என் அம்மாவை எடுத்துவிட்டார்கள் என்று கத்தினேன். கத்தின பிறகுதான், அது யார் அம்மா என்று ஞாபகம் வந்தது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இங்கே பெரிய கூட்டம். பூபதி சார் பக்கத்தில் நின்று, அது அவருடைய அம்மாவின் கதை, என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நான் பேச வேண்டுமாம். என் வாயிலிருந்து வந்தால்தான் சனம் நம்புமாம். பேசினால் அவர் கல்லூரியில் எனக்கு இடம், எல்லாம் இலவசம். அப்பா பேசு என்கிறார். அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறார்.

நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஜெசிந்தா

*

மரியே வாழ்க

கண்டி,
மார்ச் 25

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் அப்பாவோடு பஸ் ஏறி வந்து, புகையிரத நிலையத்துக்கு எதிரே உள்ள தபால் கந்தோரில் நின்றபடியே எழுதுகிறேன். கடுகதித் தபாலில் போடுகிறேன். அப்பாதான் முத்திரை வாங்கினார், கேள்வி கேட்கவில்லை.

கல்லூரி இடம் உங்களுடையது. அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விட்டால் பெரியப்பாவின் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும், நான் அல்ல. நல்ல தங்கச்சி என்றால் போய்ப் படியுங்கள் என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதி ஒரு தாளைக் கிழித்துவிட்டேன்.

கேட்டபடியால் சொல்கிறேன். அம்மாவின் தலைத்துணிக்குள் இருந்த அந்தப் பக்கம் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

என் அம்மாவின் பெயர் றேணுகா. ஊர் புசல்லாவை. அது குறள் அல்ல, இதயம். எழுத்து அழிந்தது.

பெரியம்மாவின் பெயரையும் சொல்லுங்கள். அவர் வாங்கிக் கொடுத்த தண்ணீர்க் குழாய்களையாவது அவர் பெயரிலேயே இருக்கவிடட்டும்.

நிலூஷா

*

கோத்தகிரி,
ஏப்ரல் 20

என் தங்கச்சி நிலூஷாவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். இதை உண்மையாகவே எழுதுகிறேன். சித்தியின் இருமல் எப்படி?

பேசினேன். மைதானம் முழுக்க சனம், பாதிப் பேர் ஹெலிகாப்டர் பார்க்க வந்தவர்கள். பூபதி சார் என் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். "தலைத்துணிக்குள் பக்கத்தை வைத்துக்கொண்டு போன தாயின் பெயர் றேணுகா. புசல்லாவையில் இருக்கிறார். என் சித்தி. இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார். இதை எழுதினது என் தங்கச்சி நிலூஷா. இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது கத்தரீனா" என்றேன். 'கத்தரீனா'வில் பாதிதான் கேட்டது. மைக்கை நிறுத்திவிட்டார்கள். உடனே பாட்டுப் போட்டார்கள். சனம் பாட்டுக்கு ஆடியது, நிலூஷா. அதுதான் நடந்தது. யாரும் கோபப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆரூரன் சார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் படத்தில் சிரித்தாரே, அதே சிரிப்பு.

கல்லூரி இடம் போயிற்று. ஊட்டி அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அப்பா என்னிடம் பேசுவதில்லை. அம்மா அன்று ராத்திரி மெஷினைவிட்டு எழுந்து வந்து எனக்குச் சோறு போட்டார். "பாதிப் பேருதான் கேட்டுச்சாடி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பக்கத்து வீட்டு அக்கா போனில் எடுத்த வீடியோத் துண்டு ஒன்று இருக்கிறது. ஆட்டமாக இருக்கும், ஆனால் சித்தியின் பெயர் தெளிவாகக் கேட்கும். சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். சித்தி என்ன சொன்னார் என்று உடனே எழுது. அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஜெசிந்தா

*

மரியே வாழ்க

புசல்லாவை,
மே 17

அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெரியப்பா இப்போது பேசுகிறாரா? பெரியம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் போடாமல் விடாதீர்கள். உடனே எழுதச் சொன்னீர்கள். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது.

நீங்கள் அனுப்பிய காணொளித் துண்டை அம்மா பார்த்தார். தன் பெயர் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பண்ணுது?" என்றார். "நானும் செஞ்சேன்தான். அதுக்காக அந்த அம்மா செய்யலன்னு ஆயிடுமா? செத்துப்போன மனுஷி. சீட்டு கெடைக்கலன்னா ஆத்திரம் வரத்தான் செய்யும், அதுக்கு மேடையேறிப் பொறாமப்படலாமா?"

"அம்மா, அந்தப் பேச்சை எழுதினது நான். முதலில் இருந்தது உங்கள் கதை மட்டும்தான். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை" என்றேன்.

அம்மா போனைத் தள்ளி வைத்தார். "நீயா எழுதின? நல்லா எழுதியிருக்க" என்று என் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்: "ஆனா, ஆரூரன் சொன்னப்பதானே எனக்கு அழுகை வந்துச்சு."

இதை உங்களிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன். நீங்கள் ஒரு கல்லூரியை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், மறைக்கக் கூடாது.

மகேந்திரபூபதி வென்ற செய்தி வந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அம்மா அவருடைய தாயின் ஆத்துமாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். பெயர் தெரியாததால், "பக்கத்தைத் தலையில வச்சவங்களுக்கு" என்று சொல்லி ஜெபித்தார். அந்த ஜெபத்துக்கு மட்டும் நானும் ஆமென் சொன்னேன்.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த அம்மாவின் படம் ஒன்று எங்கேயாவது கிடைத்தால் அனுப்ப வேண்டுமாம். சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம்.

கிடைத்தால் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் விடமாட்டார். ஆனால் ஆணி ஒன்றுதானே இருக்கிறது. உங்கள் படத்தை நான் போன கிழமையே கழற்றிவிட்டேன், கோபிக்க வேண்டாம். அது அலுமாரியில் மயில் நிறச் சுடிதாருக்குள் பத்திரமாக இருக்கிறது. ஷஹ்மா ஒரு சனிக்கிழமை இங்கே வந்து தன் போனில் அம்மாவைப் படமெடுத்தாள். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த நேரம். படமென்றதும் அம்மா அவசரமாகத் தலைத்துணியைக் கழற்றப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அச்சடித்து, சட்டம் போட்டு, அந்த ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

"என் மூஞ்சிய யாருடி பாக்கப் போறா?" என்று தினமும் கேட்கிறார். இன்னும் கழற்றவில்லை.

உங்கள் தங்கச்சி,
நிலூஷா